லூமையின் ஏழாம் விதி

நவம்பர் 4, திங்கள்

மழை 3.2 மி.மீ.

உலகம்மாளை நேற்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. வலது கையும் காலும் செயல் இல்லை. பேச்சும் போய்விட்டது. பேச்சு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கையெழுத்துப் போட்ட படிவத்தில் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருந்தது. இல்லை என்று எழுதினேன்.

கட்டிலைப் பின்னறையில் போட்டிருக்கிறது. அங்கேதான் என் மேசையும் அட்டைப் பெட்டிகளும் இருக்கின்றன. பின்கதவைத் திறந்தால் கொல்லை. கொல்லை நடுவில் என் மழைமானி. ஓய்வு பெற்ற பிறகும் காலை எட்டரைக்கு அளவெடுப்பதை நான் விடவில்லை.

பகலில் பார்த்துக்கொள்ள மரியபுஷ்பம் என்று ஒரு பெண் வருகிறாள். நாற்பது வயது இருக்கும். நர்ஸ் வேலை தெரிந்தவள். அதிகம் பேசுகிறாள்.

நவம்பர் 5, செவ்வாய்

மழை இல்லை.

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தெரிந்துகொள்ளட்டும். என் பெயர் கோமதிநாயகம். வயது எழுபத்து நான்கு. மலைமேல் உள்ள அணையில் முப்பத்தோரு வருடம் மழையளவும் நீர்மட்டமும் பதிவு செய்தவன். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. இலக்கணம் நானாகக் கற்றது.

லூமை என்ற மொழியை ஆக்கியவன் நான். அதற்கு இருபத்தொன்பது எழுத்துகள், நாற்பத்தொரு விதிகள், 3,812 சொற்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை. வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்துவைத்து, அச்சில்லாத பக்கத்தை வெட்டி அட்டை செய்கிறேன். அதனால் முதல் பெட்டியைத் திறந்தால் இன்னமும் மஞ்சள் வாசனை வரும்.

எழுதியபடியே படிக்க வேண்டும், படித்தபடியே எழுத வேண்டும். விதிவிலக்கு என்பது லூமையில் கிடையாது. இப்படி ஒரு மொழி உலகத்தில் இல்லை என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். "தங்கள் ஆர்வத்தைப் பாராட்டுகிறோம்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. நூலக வாரவிழாவில் பேசப் பத்து நிமிடம் கொடுத்து, ஆறாவது நிமிடத்தில் மணியடித்தார்கள். கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் எழுந்து, "இதுல யார்கூட சார் பேசுவீங்க?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சட்டையை இப்போது பார்த்தாலும் அடையாளம் சொல்வேன்.

ஐந்தாம் திருத்தப் பதிப்பை இந்த டிசம்பர் 31க்குள் முடித்தாக வேண்டும். முடித்தபின் யார் பாராட்டினாலும் பாராட்டாவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை.

நவம்பர் 8, வெள்ளி

மழை 11.0.

இன்று உலகம்மாள் பேசினாள்.

காலையில் புஷ்பம் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் மேசையில் இருந்தேன். "நிலு" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். மறுபடியும் சொன்னாள். "நிலு."

நிலு என்றால் லூமையில் நீர். முதல் பெட்டியில் மூன்றாவது அட்டை.

புஷ்பம், "என்ன ஆச்சி, நிலாவா? பகல்ல ஏது நிலா?" என்று கேட்டுச் சிரித்தாள். உலகம்மாளுக்கு லூமை தெரியாது. நாற்பது வருடமாக அந்தப் பெட்டிகளைத் தூசி தட்டியவள் ஓர் அட்டையைக்கூடப் படித்தது கிடையாது. 84க்குப் பிறகு அந்த மொழியில் ஒரு சொல்லும் அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

நவம்பர் 11, திங்கள்

மழை இல்லை.

தமிழ் ஒரு சொல்கூட வரவில்லை. லூமைதான் வருகிறது. நேற்று எண்ணிப் பார்த்தேன், இருபத்தேழு சொற்கள். டாக்டருக்குப் போன் செய்தேன். மூளையில் அடிபட்டவர்கள் பொருளில்லாத ஒலிகளைச் சொல்வது உண்டு என்றார். பொருள் உண்டு என்றேன். சரி சார் என்று வைத்துவிட்டார்.

எல்லாம் பிழையான லூமை. நான் நீக்கிய பழைய சொற்கள், திருத்தத்துக்கு முந்தைய உச்சரிப்பு. அதைவிட மோசம், ஏழாம் விதியைக் கவனிப்பதே இல்லை. அந்த விதி எளிது. யார் எதைக் கேட்டாலும் சொல்லின் இறுதியில் "சிர்" சேர்க்க வேண்டும். அது கேட்பவரின் பணிவு. "இறுதி இல்லாத வேண்டுகோள் வேண்டுகோள் அன்று, அதற்கு விடை இல்லை." முதல் பதிப்பிலிருந்து ஓர் எழுத்தும் மாற்றாமல் வைத்திருக்கும் ஒரே விதி அதுதான்.

இன்று மதியம் "நிலு" என்றாள். டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன். "நிலுசிர்" என்று சொல்லிக் காட்டினேன். "நிலு" என்றாள். மறுபடியும் சொல்லிக் காட்டினேன். மேசைக்குத் திரும்பி, எத்தனை முறை சொல்கிறாள் என்று குறித்துக்கொண்டேன். ஒன்பதாவது முறையில் புஷ்பம் உள்ளே வந்தாள்.

"சார், ஆச்சி தண்ணி கேக்காவ. டம்ளரக் கையில வச்சுக்கிட்டு என்னத்த எழுதுதீய?"

டம்ளரைப் பிடுங்கிக் கொடுத்தாள். உலகம்மாள் அத்தனையும் குடித்துவிட்டு இன்னும் கேட்டாள். இந்த வீட்டின் முறை புஷ்பத்துக்குத் தெரியாது. அவள் மேல் தப்பில்லை.

நவம்பர் 13, புதன்

வானம் வெளிறிக் கிடந்தது. நேற்று முழுவதும் ஒரு தூறல்கூட இல்லை. மானியில் 2.0 மி.மீ.

புஷ்பம் துணி அலசிய தண்ணீர் தெறித்திருக்க வேண்டும். கேட்டேன். கொல்லைப் பக்கமே போகவில்லை என்கிறாள்.

நவம்பர் 15, வெள்ளி

மழை இல்லை. மானியில் 4.8.

உலகம்மாள் இப்போது முழு வாக்கியங்கள் பேசுகிறாள். என்னிடம் இல்லை. பின்கதவைப் பார்த்துப் பேசுகிறாள்.

காலை எட்டு மணி அளவில் தொடங்குகிறது. ஏதோ சொல்கிறாள். நிறுத்துகிறாள். தலையைச் சாய்த்துக்கொண்டு இருக்கிறாள். பிறகு மறுபடியும் சொல்கிறாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து அப்படியே எழுதிக்கொண்டேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: நனைந்துவிட்டாயா. தலை ஈரம். அங்கேயே நில். வழுக்கும். அவர் எழுதுகிறார். எழுதி முடித்ததும் வருவார்.

ஆறு வாக்கியம், பதினான்கு பிழை. சிவப்பு மையால் திருத்தி வைத்திருக்கிறேன். அவளுக்கு எழுதப் படிக்க முடியும் நாள் வந்தால் காட்டலாம்.

இவள் நிறுத்தும் இடங்களின் நீளம் ஒரே மாதிரி இல்லை. அதையும் குறித்தேன்.

நவம்பர் 18, திங்கள்

மழை இல்லை. மானியில் 9.4.

மானியின் புனலுக்கு மேல் கம்பிவலை வைத்துப் பூட்டுப் போட்டேன். சாவி என் அரைஞாணில்.

முதல் பெட்டியின் அட்டைகள் நமுத்திருக்கின்றன. முதல் அறுபத்து நான்கு மட்டும். மற்றவை காய்ந்து மொரமொரவென்று இருக்கின்றன. ஓரத்தில் தடவிய மஞ்சள் ஊறி எழுத்துகளின் மேல் ஏறியிருக்கிறது. ஒவ்வொன்றாக வெயிலில் காயவைத்தேன். புஷ்பம் வந்து பார்த்து, வடாம் போட்டாப்ல இருக்கு சார் என்றாள்.

நவம்பர் 20, புதன்

மழை 1.5. மானியில் 14.9. மீதியை நான் மழை என்று எழுத மாட்டேன்.

உலகம்மாளின் தம்பி பிரமநாயகம் வந்திருந்தான். வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அக்காவின் காலடியில் உட்கார்ந்து கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகம் மாறியது. வெளியே வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

"அத்தான், இது நம்ம வடிவு பேச்சுல்லா."

லூமை என்றேன்.

"நீங்க என்ன பேரு வேணும்னாலும் வையுங்க. அஞ்சு வயசு வரைக்கும் தமிழே பேசாம, தானா ஒண்ணப் பேசிக்கிட்டுத் திரிஞ்சாளே, அதுதான இது? அக்காவுக்குத்தான் அது புரியும். நானே கேட்டிருக்கேன்."

குழந்தை உளறலுக்கும் இலக்கணம் உள்ள மொழிக்கும் வித்தியாசம் தெரியாமல் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் என்ன செய்தாய் என்று கேட்டேன். முன்னுரையில் தெளிவாக எழுதியிருக்கிறேன்: முதல் அறுபத்து நான்கு சொற்கள் சேகரிக்கப்பட்டவை, மற்றவை ஆக்கப்பட்டவை. யாரிடமிருந்து சேகரித்தது என்று இல்லையே என்றான். பெயர் போடுவது மரபன்று என்றேன். கிளையிலிருந்து பறித்துவிட்டு மரத்தை மறந்தவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தான். காபி குடிக்காமல் போய்விட்டான். அவன் எப்போதும் இப்படித்தான்.

பிள்ளை வாய்க்கு வந்ததைப் பேசுகிறது என்று அணைக் குடியிருப்பு முழுக்கச் சிரித்தார்கள். ஊமை வீடு என்று பெயர் வைத்தார்கள். அந்த உளறலுக்கு விதி போட்டு, எழுத்துப் போட்டு, இது மொழிதான் என்று நிறுத்தியது யார்? அதை யாரும் கேட்பதில்லை.

நவம்பர் 22, வெள்ளி

மழை இல்லை. மானியில் 23.1. பூட்டு பூட்டியபடி இருந்தது.

நவம்பர் 25, திங்கள்

மழை இல்லை. மானியில் 38.0.

காலை அளவெடுத்துவிட்டு முன்பக்கமாக வந்தேன். புஷ்பம் அடுப்பில் கஞ்சி கிளறிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு உங்க பாஷைய யாரு சார் சொல்லிக் குடுத்தா? நீங்களா, ஆச்சியா?"

எந்தப் பிள்ளை என்றேன்.

"அதான், தெனமும் எட்டு மணிக்குப் பின்வாசல்ல வந்து நிக்கிதே. நான் பாக்கல, சத்தந்தான் கேக்கும். நான் கதவத் தெறக்கப் போனா சத்தம் நின்னுரும். பொம்பளப் புள்ள. 'கெபா, கூமா'ன்னு கூப்பிடும். கூமான்னா என்ன சார்?"

இடது பக்கம் காலிமனை. வலது பக்கம் வயதான இரண்டு பேர். அவர்களுக்குப் பேரன் பேத்தி எல்லாம் வெளிநாட்டில். இதைச் சொன்னேன். அப்ப ரோட்டுல போற புள்ளையா இருக்கும் என்று கஞ்சியை இறக்கினாள்.

கெபா என்றால் திற. அதை உலகம்மாள் சொல்லிப் புஷ்பம் கேட்டிருக்கலாம். ஆனால் கூமா என்ற சொல்லுக்கு அட்டை இல்லை. 3,812இல் அது கிடையாது. தந்தைக்கு நான் வைத்த சொல் வேறு. உலகம்மாள் கூமா என்று சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அது ஒருத்தி மட்டும் ஒருவரை மட்டும் கூப்பிட்டது.

நவம்பர் 26, செவ்வாய்

மானியில் 47.5.

அட்டை அலமாரியைத் தள்ளிப் பின்கதவை அடைத்து நிறுத்தினேன். அந்தப் பக்கச் சுவரில்தான் ஈரம் குறைவு. கொல்லைக்குப் போக இனிமேல் வீட்டைச் சுற்றிப் போகலாம், நடந்தால் எனக்கும் நல்லது.

உலகம்மாள் அலமாரியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மதியம் சாப்பிடவில்லை.

நவம்பர் 27, புதன்

மானியில் 58.2.

பழைய கோப்புகளைத் தேடியதில் அந்த மெமோ கிடைத்தது. 84 டிசம்பர் 17ஆம் தேதியிட்டது. "3-12-84 காலை 8.30 மணி மழையளவு பதிவு விடுபட்டுள்ளமைக்கு விளக்கம் கோரப்படுகிறது." நான் விளக்கம் கொடுக்கவில்லை. பணிப் புத்தகத்தில் கண்டனம் என்று எழுதினார்கள். முப்பத்தோரு வருடத்தில் விடுபட்ட ஒரே பதிவு அது. அந்த ஒரு கட்டத்தைத் தவிர என் பதிவேடுகளில் வெற்றிடம் கிடையாது. கீழே உள்ள ஊர்களில் அன்று எவ்வளவு பெய்தது என்று மற்றவர்கள் குறித்திருந்தார்கள். மலைமேல் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

மெமோவில் கையெழுத்துப் போட்ட அதிகாரி ஒரு வாரம் முன்புதான் மாற்றலாகி வந்தவர். விசாரித்துவிட்டு எழுதியிருக்கலாம். விசாரிக்காமல் எழுதினார். பதிவேட்டின் என் பிரதியை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 29, வெள்ளி

மானியில் 76.0.

நல்ல செய்தி. உலகம்மாள் திருந்துகிறாள். காலையில் நான் அளவெடுத்துவிட்டு வந்தபோது "சிர்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தெளிவான உச்சரிப்பு. "சிர். சிர். கெபாசிர்." நாற்பது வருடத்தில் முதல் தடவை. பக்கத்தில் போய், சரி, அப்படித்தான் என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

மாலை. காலையில் எழுதியது முழுதும் சரியில்லை. புஷ்பம் சொன்னாள்:

"ஆச்சி தனக்குத்தானே சொல்லல சார். அந்தப் புள்ளைக்குச் சொல்லிக் குடுக்காவ. இவுக ஒரு தடவ சொன்னா வெளிய இருந்து ஒரு தடவ வருது. அதுக்கு அந்தக் கடைசி எழுத்து வர மாட்டேங்கு. பாவம், நாக்கு பொரளல போல."

எப்படிச் சொன்னது என்று கேட்டேன். புஷ்பம் சொல்லிக் காட்டினாள். நான் அவளை இன்று சீக்கிரம் போகச் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 30, சனி

மானியில் 84.7. ஒன்பதாம் பெட்டியில் எட்டு அட்டைகளுக்கு எழுத்துத் திருத்தம் முடிந்தது. அரிசி வந்தது. உலகம்மாள் இரண்டு வாய் கஞ்சி குடித்தாள்.

எட்டு மணிக்கு நான் வாசல் பக்கம் போய்ப் பேப்பர் படித்தேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

மானியில் 95.3.

புஷ்பத்துக்கு ஞாயிறு விடுமுறை, கோயிலுக்குப் போக வேண்டும் என்பாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். எட்டு மணிக்கு வாசல் பக்கம் போகவில்லை. மேசையிலேயே இருந்தேன். என் காதாலேயே கேட்டேன்.

இனி எழுதாமல் வைத்திருப்பதில் பொருள் இல்லை.

84 டிசம்பர் 3. விடியற்காலையிலிருந்து அடைமழை. நான் ஏழு மணிக்கே பதிவறைக்குப் போய்விட்டேன். மழைமானிக்குப் பக்கத்தில் ஒற்றைக் கதவுள்ள சின்னக் கட்டடம். எட்டரைக்கு அளவெடுக்க நேரம் இருந்ததால் முதல் பதிப்பின் அட்டைகளை எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது, இல்லாவிட்டால் காற்றில் அட்டை பறக்கும்.

எட்டு மணிக்குப் பிறகு வடிவு வந்தாள். ஆறு வயது முடிந்து நாலு மாதம். குடியிருப்பிலிருந்து பதிவறைக்கு இருநூறு அடி தூரம். வழியில் உபரிநீர்க் கால்வாய், அதன்மேல் கைப்பிடி இல்லாத ஒரு நடைப்பாலம். தனியாக வரக்கூடாது என்று சொல்லியிருந்தது. அவள் அம்மா தூக்குவாளியில் காபி கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

"கெபா, கூமா" என்றாள்.

இறுதி இல்லை. ஏழாம் விதி வீட்டுக்கு வந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. சோறு, விளக்கு, கதவு எது கேட்டாலும் இறுதி சேர்த்துக் கேட்டால்தான் நானும் உலகம்மாளும் செவிகொடுக்க வேண்டும். அவள் அம்மா எனக்குத் தெரியாமல் இந்த விதியை மீறுவாள். நான் மீறியதில்லை. விட்டுக்கொடுத்தால் அது மறுபடியும் உளறலாகிவிடும்.

மறுபடியும் சொன்னாள். அதே பிழை. "இறுதி எங்கே?" என்று உள்ளிருந்து கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை. மூன்றாவது தடவையும் அப்படியே சொன்னாள். அழவில்லை. பிறகு சத்தம் இல்லை. வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைத்தேன். கையில் இருந்த அட்டையை எழுதி முடித்தேன்.

எட்டரைக்கு அளவுக் குவளையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். படியில் தூக்குவாளி இருந்தது. மூடி சரியாக மூடியிருந்தது. பாலத்தின் மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

அதனால் அன்று அளவெடுக்கவில்லை. இதுதான் விளக்கம்.

டிசம்பர் 2, திங்கள்

மானியில் 104.

புஷ்பம் அலமாரியை நகர்த்தச் சொல்கிறாள். ஆச்சி ராத்திரி பகலா அந்தக் கதவையே பார்த்துக்கிட்டிருக்காவ, காத்து வெளிச்சம் வரட்டும் சார் என்கிறாள். அலமாரியில் 3,812 அட்டைகள் இருக்கின்றன, வரிசை கலைந்துவிடும் என்றேன். "கலஞ்சா அடுக்கிக்கிடலாம்" என்றாள். அவளுக்கு என்ன தெரியும். யோசிக்கிறேன் என்று சொன்னேன். யோசிக்கவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை 7.50. நல்ல வெயில். புஷ்பம் மருந்துக்கடைக்குப் போனாள். உலகம்மாளுக்குத் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்திருந்தது. நான் முப்பத்தோராம் விதிக்குச் சான்று எழுதிக்கொண்டிருந்தேன்.

8.05. அலமாரிக்குப் பின்னால், கதவுக்கு வெளியே: "கெபா."

உலகம்மாள், "சிர்" என்றாள்.

கதவுக்கு வெளியிலிருந்து: "கெபா... கூமா."

"சிர்" என்றாள் மறுபடியும். அவள் குரலில் கெஞ்சல் இருந்தது. அந்தக் கெஞ்சல் வெளியே நின்ற பிள்ளையிடம். எப்படியாவது அதைச் சொல்லிவிடு, சொன்னால்தான் அவர் திறப்பார் என்று கெஞ்சுகிறாள். நான் நாலடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் கேட்டுப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நாற்பது வருடமாகத் தெரிந்திருக்கிறது.

வெளியே மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. ஒரு பெரிய சொல்லைச் சொல்லப் போகிற பிள்ளை இழுக்கும் மூச்சு. "கெபா... சி..."

நான் முடிக்க விடவில்லை.

பெட்டிகளை இறக்காமல் ஓர் ஆளாகத் தள்ளும் கனம் இல்லை அந்த அலமாரி. தோளைக் கொடுத்தேன். மேலே இருந்த பெட்டிகள் விழுந்தன. அட்டைகள் அறை முழுக்கச் சிதறின. ஐந்தாம் பதிப்பின் கைப்பிரதியை மிதித்தேன் என்று பிறகுதான் பார்த்தேன். தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருந்தது. அளவுக் குவளையின் அடியால் தட்டினேன். குவளை உடைந்தது. கதவு திறந்தது.

கொல்லையில் யாரும் இல்லை. வெயிலில் கண் கூசியது. தரை காய்ந்து வெடித்திருந்தது. வாசற்படி மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அணையிலிருந்து வரும் குளிர்ந்த காற்று ஒன்று உண்டு, இந்த ஊரில் அது வீசாது. அது வீசியது. வழியை மறைத்து நிற்கிறேன் என்று தோன்றி ஒதுங்கினேன். என் வேட்டியின் வலது பக்கம், முழங்காலுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், ஈரம் பட்டது. பிழிந்தால் சொட்டும் ஈரம்.

திரும்பினேன். உலகம்மாள் வலது கையைத் தூக்கியிருந்தாள். ஒரு மாதமாக மெத்தையில் கிடந்த கை. கட்டில் விளிம்புக்கு வெளியே, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், அது நீண்டிருந்தது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி எதையோ பிடித்துக்கொண்டன. கையை மெதுவாக மடிக்கு இழுத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். மூச்சு சீராக இருந்தது, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

8.30. அளவெடுத்தேன். குவளை உடைந்ததால் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். 112.4 மி.மீ.

பதிவேட்டின் என் பிரதியைத் திறந்து, 3-12-84க்கு நேரே இருந்த கட்டத்தில் அதை எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

புஷ்பம் மருந்தோடு வந்து அறையைப் பார்த்து, "என்ன சார், கள்ளன் வந்தானா?" என்றாள். இல்லை என்றேன்.

டிசம்பர் 4, புதன்

மழை இல்லை. மானியிலும் ஒன்றும் இல்லை.

எட்டு மணிக்குச் சத்தம் இல்லை. பின்கதவு நேற்றிலிருந்து திறந்தே கிடக்கிறது.

அட்டைகளைப் பொறுக்கிக் கொண்டிருக்கிறேன். வரிசைப்படுத்த ஒரு மாதம் ஆகும். டிசம்பர் 31க்கு முடியாது. ஐந்தாம் பதிப்பில் விதிகள் நாற்பது. ஏழாம் எண்ணை வேறு விதிக்குக் கொடுக்கவில்லை, காலியாக இருக்கட்டும். புதிதாக ஓர் அட்டை எழுதினேன்: கூமா. சொல்லியவர் என்ற இடத்தில் வடிவு என்று எழுதினேன். லூமை எழுத்தில் அந்தப் பெயரை எழுதியது இதுவே முதல்.

பதினொரு மணிக்கு உலகம்மாள் விழித்து, "தண்ணி" என்றாள். தமிழ். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

புஷ்பம் அவளுக்கு உடம்பு துடைத்துவிட்டாள். வலது கை விரல்களை மட்டும் விரிக்க முடியவில்லை. இறுக்கமாக மூடியிருக்கின்றன.

"உள்ள எதையோ பிடிச்சிருக்காப்ல இருக்கு சார். வெரல் இடுக்கெல்லாம் ஈரமா, சில்லுனு இருக்கு. கொஞ்சம் அழுத்தி விரிச்சுப் பாக்கட்டுமா?"

வேண்டாம், விட்டுவிடு என்றேன்.